பி.டி. பீரியட் என்றால் வயிறு வலிப்பது ஏன்?

பரீட்சை நாளில் பிள்ளைக்கு வயிறு வலித்தால் பெற்றோருக்குக் காரணம் புரிந்துவிடுகிறது. பி.டி. பீரியட் இருக்கும் நாளில் வலித்தால்தான் குழம்பிப்போகிறார்கள். விளையாட்டென்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தானே, அதற்குப் போய் யார் பயப்படுவார்கள் என்ற எண்ணம் பெரியவர்களிடம் ஊறிக்கிடக்கிறது. அதனால் அந்த வலி நடிப்பாகத் தெரிகிறது, இல்லையென்றால் சோம்பலாக, அதிகச் செல்லம் கொடுத்ததன் பலனாகத் தெரிகிறது. கொஞ்ச நாள் திட்டிப் பார்க்கிறார்கள். பிறகு அலுத்துப்போய், 'உடல்நிலை சரியில்லாததால் விளையாட்டிலிருந்து விலக்கு அளிக்கவும்' என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். திட்டினால் பயம் அப்படியே இருக்கும். கடிதம் கொடுத்தால் அது வளரும்.

முதலில் அந்த வலியை நம்ப வேண்டும். ஆபத்து வருகிறது என்று மூளை முடிவு கட்டிவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, செரிமான உறுப்புகளுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதி தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வயிற்றைப் பிசைவதும் குமட்டுவதும் அடிக்கடி பாத்ரூம் போகத் தோன்றுவதும் உள்ளங்கை சில்லிட்டு வியர்ப்பதும் இதனால்தான். பீரியட் முடிந்த கையோடு வலி மாயமாகிவிடுவதைப் பார்த்து, "பார்த்தியா, எல்லாம் நடிப்பு" என்கிறோம். ஆபத்து கடந்துபோனதால் உடம்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான்.

எது அந்த ஆபத்து? பந்து பட்டால் வலிக்கும், விழுந்தால் அடிபடும் என்ற பயம் சிலருக்கு உண்டு. ஒருமுறை மூக்கில் பந்து பட்டு ரத்தம் வந்த பிள்ளைக்கு அது நியாயமான பயமும்கூட. ஆனால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் வேறொன்றைச் சொல்வார்கள். "எல்லாரும் பார்ப்பாங்க." கணக்கில் செய்த தப்பு நோட்டுக்குள் கிடக்கும். பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் மட்டுமே தெரியும். கைக்கு வந்த கேட்சை விட்டால் அது மைதானம் முழுக்கத் தெரியும். அதோடு பாதி வகுப்புக்கு அதனால் நஷ்டமும் கூட. பள்ளியில் வேறெந்தப் பாடத்திலும் ஒருவனுடைய தப்பு மற்றவர்களின் தோல்வியாக மாறுவதில்லை.

அணி பிரிக்கும் அந்தச் சில நிமிடங்களைப் பக்கத்திலிருந்து கவனித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நின்று மாறி மாறிப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். முதல் ஏழெட்டுப் பெயர்கள் படபடவென்று போய்விடும். பிறகு வேகம் குறையும். கேப்டன் மிச்சமிருப்பவர்களை ஒரு பார்வை பார்ப்பான், ஏற்கெனவே சேர்ந்தவர்கள் அவன் காதில் ஏதோ சொல்வார்கள். நின்றுகொண்டிருப்பவர்கள் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொள்வார்கள். கடைசியாக நிற்கும் பிள்ளையைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. "அவனை நீயே வச்சுக்கோ" என்பதோடு அணி பிரிந்துவிடும். ஆட்டம் தொடங்கும் முன்பே அந்தப் பிள்ளைக்கு அன்றைய மதிப்பெண் கொடுத்தாகிவிட்டது. வகுப்பின் மதிப்பெண்களை மேலிருந்து கீழாகப் பெயர் சொல்லிப் படிப்பதற்கு நல்ல ஆசிரியர்கள் கூசுவார்கள். (படிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.) மைதானத்தில் மட்டும் அதுவே ஆட்டத்தின் ஒரு பகுதி என்று விட்டுவிடுகிறோம்.

பார்க்கப்படுவது உடம்பை என்ன செய்கிறது என்பதை 1898-லேயே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க ஆய்வாளர், 40 குழந்தைகளிடம் தூண்டில் கம்பியின் சுருள் சக்கரத்தைக் கொடுத்து வேகமாகச் சுற்றச் சொன்னார். தனியாகச் சுற்றியதைவிடப் போட்டியாகச் சுற்றியபோது பாதிப் பேர் வேகமெடுத்தார்கள். கால்வாசிப் பேருக்குப் பெரிய வித்தியாசமில்லை. மீதிக் கால்வாசிப் பேர் தனியாகச் செய்ததைவிடத் தடுமாறினார்கள். மூச்சு வாங்கியது, முகம் சிவந்தது, கைத்தசை விறைத்துக்கொண்டது என்று அவர்களைப் பற்றி அவர் குறித்திருக்கிறார். இந்த ஆய்வைப் பின்னால் பேசியவர்கள் பெரும்பாலும் வேகமெடுத்த பாதிப் பேரைத்தான் நினைவில் வைத்துக்கொண்டார்கள். பி.டி. பீரியடும் அவர்களை மனதில் வைத்துத்தான் நடக்கிறது.

ஒரே சூழல் ஒருவரைத் தூக்கிவிட்டு இன்னொருவரை ஏன் கவிழ்க்கிறது? 1965-இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். கூட்டம் பார்க்கும்போது உடம்பு முடுக்கிவிடப்படுகிறது. முடுக்கப்பட்ட உடம்பிலிருந்து எது நன்றாகப் பழகியிருக்கிறதோ அதுதான் முந்திக்கொண்டு வெளிவரும். பந்து பிடிக்கத் தெரிந்தவனுக்குப் பிடிப்பது வரும். தெரியாதவனுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விறைப்பாக நீட்டுவது வரும். ஆக, தெரிந்ததைச் செய்யும்போது பார்வையாளர்கள் உதவுகிறார்கள், கற்றுக்கொண்டிருக்கும்போது கெடுக்கிறார்கள். பயந்த பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் செய்யவைத்தால் பயம் தெளியும் என்று நம்பும் ஆசிரியர், கற்பதற்கு மிக மோசமான இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

வயதும் இதில் கைவரிசையைக் காட்டும். நான்கைந்து வயதில் பிள்ளைகள் ஓடுவதற்காகவே ஓடுகிறார்கள். ஏழெட்டு வயதில் யார் முந்தினார், யார் பிந்தினார் என்ற ஒப்பீடு மனதில் நிலைக்கத் தொடங்குகிறது. பதின்வயதில் ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு உணர்வு வந்து உட்கார்ந்துகொள்கிறது. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் இதைக் கற்பனைப் பார்வையாளர் கூட்டம் என்று எழுதினார். பெரியவர்களுக்கும் அது முழுசாக விட்டுப்போவதில்லை. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை அணிவித்துக் கல்லூரி மாணவர்களைப் பலர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அதை அணிந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான். இதை அப்படியே பிள்ளையிடம் சொல்லி "உன்னை யாரும் பார்க்கலை" என்று சமாதானப்படுத்தப் பார்ப்பது வீண்வேலை. அவன் கேட்சை விட்டபோது நாலு பேர் சிரித்தது அவன் காதில் விழுந்திருக்கிறது.

'எனக்கு விளையாட்டு வராது' என்று பிள்ளை தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் தீர்ப்பு பல நேரம் பிறந்த மாதத்தால் வருவது. ஒரே வகுப்பில் வயதில் மூத்தவனுக்கும் இளையவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி இருக்கலாம். ஏழு வயதில் ஒரு வருடம் என்பது வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கு. கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எடுத்துப் பார்த்த ஆய்வு 1985-இல் வந்தது. வயதுப் பிரிவுகள் ஜனவரி 1-ஐக் கணக்காக வைத்துப் பிரிக்கப்பட்டதால், வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் உயர்நிலை அணிகளில் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தார்கள். சிறு வயதில் கொஞ்சம் பெரிய உடம்பு திறமையாகத் தெரிகிறது. திறமை தெரிந்தவனுக்குக் கூடுதல் பயிற்சி கிடைக்கிறது, பிறகு அவன் உண்மையாகவே திறமைசாலியாகிறான். வரிசையின் மறுமுனையில் நிற்பவனுக்கு இதே சங்கிலி தலைகீழாக ஓடுகிறது.

இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குப் பந்து கைக்கு அருகில் வந்த பிறகுதான் தெளிவாகத் தெரியும். ஓடினால் மட்டும் இழுக்கும் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஓட்டம் என்பதே மூச்சுத் திணறல். பள்ளி வயதுக் குழந்தைகளில் சுமார் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு உடல் அசைவு ஒருங்கிணைப்பில் வளர்ச்சிக் குறைபாடு இருக்கிறது. ஷூ லேஸ் கட்டுவது, பட்டன் போடுவது, சைக்கிள் ஓட்டுவது, எழுதுவது என எல்லாவற்றிலும் அவர்கள் சிரமப்படுவார்கள். இவர்களுக்கு முதல் தேவை தைரியம் இல்லை. கண் மருத்துவரோ குழந்தை மருத்துவரோ பார்க்க வேண்டும். அதேபோல, பிள்ளை பயப்படுவது ஆட்டத்துக்கா, ஆளுக்கா என்றும் கேட்க வேண்டும். உடை மாற்றும் அறையில் ஒருவன் தினமும் கேலி செய்கிறான் என்றால் அது பதற்றப் பிரச்சினை அல்ல. அந்தக் கேலியை நிறுத்துவது பெரியவர்களின் வேலை. பிள்ளையைப் பழகிக்கொள்ளச் சொல்வது அநியாயம்.

இவை எதுவும் இல்லை, வெறும் பயம்தான் என்றால், அந்த விலக்குக் கடிதத்துக்கு வருவோம். கடிதம் கையில் வந்ததும் பிள்ளைக்கு வரும் நிம்மதி இருக்கிறதே, அதுதான் சிக்கல். தப்பித்ததால் வந்த நிம்மதி மூளைக்குப் பரிசு மாதிரி. அடுத்த முறையும் தப்பி ஓடச் சொல்லும். பயத்தைத் தக்கவைப்பது தவிர்த்தல்தான் என்று ஹோபார்ட் மௌரர் என்ற உளவியலாளர் 1947-லேயே எழுதினார். அந்தப் பயத்தோடு மைதானத்தில் நின்றிருந்தால் கொஞ்ச நேரத்தில் அது தானாக வடிந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளப் பிள்ளைக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இதைவிட நடைமுறையான நஷ்டம் ஒன்றும் உண்டு. இவன் ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாதங்களில் மற்றவர்கள் பழகிக்கொண்டிருக்கிறார்கள். இடைவெளி பெருகுகிறது. முதலில் இல்லாத காரணம் ஒன்று, அதாவது உண்மையாகவே ஆடத் தெரியாமல் போவது, பின்னால் வந்து சேர்கிறது.

அதற்காக இழுத்துக்கொண்டுபோய் நடுவில் நிறுத்துவதும் தீர்வாகாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதை 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் காட்டினார். பீட்டர் என்று அவர் குறிப்பிடும் மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவனுக்கு முயலைக் கண்டால் நடுக்கம். பயமில்லாத மற்ற குழந்தைகள் முயலோடு விளையாடும் இடத்தில் அவனையும் விளையாடவிட்டார்கள். பிறகு அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலை அவன் தாங்கும் தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் அவன் அனுமதித்தான். இன்று பதற்றச் சிகிச்சையில் படிப்படியாகப் பழக்கும் முறைகளுக்கெல்லாம் இது மூத்தது.

பந்துக்குப் பயப்படும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதையே செய்து பார்க்கலாம். பந்து வரும்போது அவனைக் கவனியுங்கள். கண் மூடும், தலை பக்கவாட்டில் திரும்பும், இரண்டு கைகளும் முழங்கை மடங்காமல் நீளும், பந்து விரல் நுனியில் பட்டுத் தெறிக்கும். பயத்தைப் போக்கும் முன் அந்தக் கண்ணைத் திறந்துவைக்கும் வழியைத் தேட வேண்டும். பலூனில் தொடங்கினால் அது மெதுவாக வரும், பட்டால் வலிக்காது, கண் தானாகவே திறந்திருக்கும். அடுத்தது துணிப் பந்து, இரண்டடி தூரத்திலிருந்து, கையைத் தாழ்த்தித் தூக்கிப் போட வேண்டும். பிடிக்கும்போது கையை நெஞ்சை நோக்கி இழுத்துக்கொள்ளச் சொன்னால் விறைப்பு போய்விடும். பிறகு ரப்பர் பந்து, தரையில் ஒருமுறை குத்தி எழும்பி வருவதுபோல். அதற்கப்புறம்தான் நேராக. தூரத்தைக் கூட்டும் நாளில் வேகத்தைக் கூட்டக் கூடாது. இவ்வளவும் வீட்டில், யாரும் பார்க்காத இடத்தில் நடக்கட்டும். ஓரளவு கை பழகியதும் ஒரே ஒரு நண்பனைச் சேர்க்கலாம், பிறகு நாலு பேர், பிறகு வகுப்பு. ஒவ்வொரு படியிலும் லேசான பதற்றம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது படியே இல்லை. அழுகை வருகிறதென்றால் படி உயரமாகிவிட்டது.

பள்ளியிலும் இதேபோல் படி அமைக்கலாம். முதல் வாரம் ஓரத்தில் நின்று ஸ்கோர் எழுதுவது, அடுத்து பந்து பொறுக்கிக் கொடுப்பது, பிறகு அதிகம் பந்து வராத இடத்தில் ஃபீல்டிங். ஒரு எச்சரிக்கையும் இதோடு சேர வேண்டும். ஸ்கோர் எழுதும் நோட்டு சீக்கிரமே சௌகரியமாகிவிடும். வருடம் முழுக்க ஸ்கோர் எழுதும் பிள்ளை, விலக்குக் கடிதத்தை வேறு வடிவத்தில் கையில் வைத்திருக்கிறான்.

வீட்டில் பேசும் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். "உன்னால முடியும் கண்ணா" என்று நாம் அள்ளித் தரும் உற்சாகத்துக்கு எதிர்பார்க்கும் பலம் இல்லை. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் 1977-இல் வகைப்படுத்தினார். தானே செய்து வென்ற அனுபவம்தான் அதில் முதலிடம். அடுத்து, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. பிறர் வாயால் சொல்லும் ஊக்கம் அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. இதனால்தான் பெரிய வீரரின் வீடியோவைக் காட்டுவதைவிட, போன வருடம் இதே மாதிரி திணறி இந்த வருடம் ஆடிக்கொண்டிருக்கும் மேல்வகுப்பு அண்ணன் ஒருவனைக் காட்டுவது பலிக்கிறது. பேசத்தான் வேண்டுமென்றால் இரண்டு பாதிகளும் சேர்ந்த பேச்சாக இருக்கட்டும். "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுதுடா. பயத்தோடயே பத்து நிமிஷம் நிக்கவும் உன்னால முடியும்." முதல் பாதி மட்டும் என்றால் கடிதத்தில் போய் முடியும், இரண்டாம் பாதி மட்டும் என்றால் அதட்டலாகக் கேட்கும். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு உருவாக்கிய பயிற்சியின் சாரமும் கிட்டத்தட்ட இதுதான். அதில் குழந்தையை வரவழைப்பதே இல்லை, பெற்றோரை மட்டும் பழக்குகிறார்கள். குழந்தையின் பயத்துக்காக வீட்டில் செய்துகொண்டிருக்கும் விட்டுக்கொடுப்புகளை ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொல்கிறார்கள். 2020-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், குழந்தைகளுக்கே நேரடியாகத் தரும் சிகிச்சைக்கு இது சளைத்ததல்ல என்று தெரியவந்தது.

படபடப்பு வரும்போது "அமைதியா இரு" என்பதும் அவ்வளவாக உதவாது. துடிக்கும் இதயத்தைக் கட்டளையிட்டு அடக்க முடியாது. அந்தத் துடிப்புக்கு வேறு பெயர் வைக்கலாம். பெரியவர்களைப் பாடவும் பேசவும் கணக்குப் போடவும் வைத்து ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று தன்னை அடக்கிக்கொள்ளப் பார்த்தவர்களைவிட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டில் கூடுதல் வசதி ஒன்று உண்டு. ஓடினால் இதயம் துடிக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். பயந்தாலும் இவையேதான். வீட்டு வாசலில் நூறு தடவை கயிறு தாண்டிவிட்டு நெஞ்சில் கைவைத்துப் பார்க்கச் சொன்னால், அந்தத் துடிப்பு ஆபத்தின் அறிகுறி மட்டுமல்ல என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

பிள்ளையைத் திருத்துவதைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டு மைதானத்தை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் இருவரும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை வைத்துப் பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். தப்பு செய்தவனைத் திட்டாதே, முதலில் தைரியம் சொல், பிறகு எப்படிச் செய்வதென்று காட்டு, ஜெயித்ததற்காக மட்டுமல்லாமல் முயன்றதற்காகவும் பாராட்டு. சில மணி நேரத்தில் கற்றுத்தரக்கூடிய பாடம்தான். இந்தப் பயிற்சி பெற்றவர்களிடம் ஆடிய சிறுவர்களில் மறுவருடம் விலகியவர்கள் 5 சதவீதம், பயிற்சி பெறாதவர்களிடம் ஆடியவர்களில் 26 சதவீதம் என்று 1992-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத்தான் இத்தகைய பயிற்சியாளர்களால் அதிக நன்மை கிடைத்தது என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

பி.டி. ஆசிரியர் நினைத்தால் நாளைக்கே மாற்றக்கூடியவை சில இருக்கின்றன. அணிகளை முந்தின நாளே தாளில் பிரித்துவைத்துக்கொள்ளலாம். பதினோரு பேர் ஆட்டத்தை மூன்று பேர், நாலு பேர் ஆட்டங்களாக உடைத்தால் பந்து எல்லோர் கைக்கும் வரும், எல்லோர் கண்ணும் ஒருவன்மேல் குவியாது. அவுட் ஆனால் வெளியே உட்கார வேண்டிய ஆட்டங்கள் விசித்திரமானவை. யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவன்தான் முதலில் வெளியே போய் மிச்ச நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பான். அவுட் ஆனவன் ஒரு நிமிடத்தில் திரும்பி வரலாம் என்று விதியை மாற்றினால் போதும். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவைப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். ஓட்டத்தைத் தண்டனையாக்கிவிட்டு, பிள்ளைகளுக்கு ஓட ஆசையில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. வளரும் பெண் பிள்ளைகளுக்கு, எந்த உடையில் ஆடுவது, மாதவிடாய் நாளில் யாரிடம் எப்படிச் சொல்வது என்ற இரண்டு கேள்விகளுக்குச் சங்கடமில்லாத பதில் கிடைத்துவிட்டாலே பாதி வயிற்றுவலி குறையும்.

எல்லாப் பிள்ளைகளும் அணி ஆட்டத்தில்தான் கரையேற வேண்டும் என்பதுமில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது கிரிக்கெட்டாக, கால்பந்தாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. நீச்சலோ சைக்கிளோ நடனமோ போதும். ஆனால் வரிசை முக்கியம். பயத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டு 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்று சொல்லும் பிள்ளை தேர்ந்தெடுக்கிறான், தாண்டுவதற்கு முன்பே சொல்பவன் ஒளிந்துகொள்கிறான். முதலாமவனை விட்டுவிடலாம்.

வாரக்கணக்கில் தூக்கம் கெடுகிறது, பள்ளிக்கே போக மறுக்கிறான், மூச்சு முட்டி நடுங்குகிறான், மற்ற பாடங்களுக்கும் பயம் பரவுகிறது என்றால் வீட்டு வைத்தியம் போதாது. குழந்தை மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போக வேண்டும்.

முன்னேற்றம் நேர்கோட்டில் வராது. பீட்டரின் கதையிலும் அப்படித்தான். முயல் பயம் நன்றாகக் குறைந்துவந்த நேரத்தில் அவன் காய்ச்சலில் படுத்து மருத்துவமனைக்குப் போனான். அங்கிருந்து திரும்பும்போது ஒரு பெரிய நாய் அவன்மேல் பாய வந்தது. பயம் முழுசாகத் திரும்பிவிட்டது. சாப்பாட்டோடு முயலை மெல்ல மெல்ல நெருங்கவைத்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததுதான். நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரம், பள்ளி மாறும் வருடம், ஆட்டத்தில் அடிபட்டுத் திரும்பும் நாள் ஆகியவற்றில் பழைய வயிற்றுவலி எட்டிப் பார்க்கும். அப்போது, எங்கே விட்டோமோ அங்கிருந்து தொடங்கப் பார்க்காமல் இரண்டு படி கீழே இறங்கி, துணிப் பந்தையே மறுபடி கையில் எடுக்கலாம். இந்த முறை மேலே ஏற அவ்வளவு நாள் பிடிக்காது.